பல், விரல், மொட்டு, செதில்: ஆஸ்திரேலியாவின் சொந்தத் தாவரங்களையும் விலங்குகளையும் இனம் பிரித்து அறிவது எப்படி?

கரும்புத் தேரை என்று நினைத்து உள்ளூர்த் தவளையைக் கொல்கிறார்கள். வீட்டுச் சுண்டெலி என்று நினைத்து ஆன்டெகைனஸ் என்ற சிறிய உள்நாட்டுப் பைப்பாலூட்டிக்குப் பொறி வைக்கிறார்கள். பாம்பு என்று நினைத்துக் காலில்லாப் பல்லியை மண்வெட்டியால் வெட்டுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. நிறத்தையும் உருவத்தையும் பார்த்து ஒரு நொடியில் முடிவெடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே பழக்கத்தைத்தான் வலியுறுத்துகிறேன். நிறத்தையும் அளவையும் கடைசியாகப் பாருங்கள். மொட்டு, காய், பல், கால் விரல், செதில் ஆகியவற்றை முதலில் பாருங்கள். நிறம் வயதுக்கு ஏற்ப மாறும், பருவத்துக்கு ஏற்ப மாறும், ஊருக்கு ஊர் மாறும். ஒரு விலங்குக்குக் கீழ்த்தாடையில் எத்தனை முன்பல் என்பது அப்படி மாறாது. தாவரவியலாளர்களும் விலங்கியலாளர்களும் குடும்பம், பேரினம், சிற்றினம் என்று பிரிக்கும்போது நாடுவதும் இந்த மாறாத உறுப்புகளைத்தான்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். "இது ஆஸ்திரேலியாவுக்கே உரியது" என்று காட்டும் தனி முத்திரை எந்த உயிரின் உடலிலும் கிடையாது. முதலில் அது எந்த இனம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அது அந்த மண்ணுக்கு உரியதா, வெளியிலிருந்து வந்ததா என்பது அப்புறம்தான் தெரியும்.

படி 1: கிளம்புவதற்கு முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைலென்ஸ், ஒரு சின்ன அளவுகோல், குறிப்பேடு, கேமரா உள்ள போன். இவை போதும். பறவைகளுக்குப் பைனாகுலர் இருந்தால் நல்லது.

தேசியப் பூங்காக்களில் அனுமதியில்லாமல் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. பறிக்கத் தேவையும் இல்லை. மரத்தடியில் காயும் மொட்டு மூடியும் கொட்டிக் கிடக்கும். அங்கேயே குனிந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடலாம். உள்நாட்டு விலங்குகள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. பிடித்துப் பார்ப்பது கூடாது. அப்படியானால் பல்லை எப்படிப் பார்ப்பது என்று கேட்கலாம். சாலையோரம் இறந்து கிடப்பவை, அருங்காட்சியக மண்டையோடுகள், வீட்டுப் பூனை கொண்டுவந்து போட்டவை என்று வாய்ப்புகள் வரும். அந்த நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

தாவரமாக இருந்தால் படம் எடுக்கும்போது இந்த வரிசையைப் பின்பற்றுங்கள்: முழு மரம், அடிமரத்துப் பட்டை, மேற்கிளைப் பட்டை, இலையின் இரண்டு பக்கம், தண்டில் இலை அமைந்திருக்கும் விதம், மொட்டு, பூ, காய். பூவை மட்டும் அழகாகப் படம் எடுத்துக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம். யூகலிப்டஸைப் பொறுத்தவரை பூவைவிடக் காய்தான் அதிகம் பேசும்.

படி 2: யூகலிப்டஸ் குழுவில் தொடங்குங்கள்

ஆஸ்திரேலியாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான். மொத்தம் 800க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். ஆனால் மூன்று பேரினங்களாகப் பிரித்துக்கொண்டால் வேலை பாதியாகிவிடும்: யூகலிப்டஸ், கொரிம்பியா, ஆங்கோஃபோரா.

முதலில் இது மிர்ட்டேசி குடும்பம்தானா என்று உறுதி செய்யுங்கள். நம் நாவலும் கொய்யாவும் அதே குடும்பம். இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி குத்தியதுபோல் நுண்ணிய புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வாசனை வரும்.

அடுத்து மொட்டு. யூகலிப்டஸுக்கும் கொரிம்பியாவுக்கும் மொட்டின் மேல் ஒரு மூடி இருக்கும். பூ விரியும்போது அது கழன்று விழும். உள்ளேயிருந்து மகரந்தத் தாள்கள் விரிந்து வெளிவரும். நாம் பூவிதழ் என்று நினைப்பது அந்தத் தாள்களைத்தான். 1777இல் கேப்டன் குக்கின் மூன்றாவது பயணத்தின்போது தாஸ்மேனியாவின் புரூனி தீவில் சேகரித்த மாதிரியை வைத்துத்தான் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே 1788இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். அப்போதும் அவர் அடையாளமாக எடுத்துக்கொண்டது அந்த மூடியைத்தான்.

ஆங்கோஃபோராவுக்கு மூடி கிடையாது. சிறிய தனி இதழ்கள் உண்டு. காயின் மேல் நீளவாக்கில் வரம்புகள் ஓடும். முதிர்ந்த மரத்திலும் இலைகள் எதிரெதிரே ஜோடியாக நிற்கும். யூகலிப்டஸின் முதிர்ந்த இலைகள் பெரும்பாலும் மாறி மாறி அமைந்திருக்கும். சிட்னிப் பக்கத்து மணற்பாறைக் காடுகளில் வழவழவென்று இளஞ்சிவப்பாக நிற்கும் ஆங்கோஃபோரா கோஸ்டாட்டாவை எல்லோரும் 'ரெட் கம்' என்றே அழைப்பார்கள். பட்டையை மட்டும் பார்த்தால் யூகலிப்டஸ் என்றுதான் தோன்றும். இலை ஜோடியாக நிற்பதைக் கவனித்தால் ஐந்து நொடியில் விஷயம் தெளிவாகும்.

கொரிம்பியாவை 1995இல்தான் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். காய் பெரும்பாலும் கழுத்துக் குறுகிய குடம் மாதிரி இருக்கும். பூக்கொத்துகள் இலைக்கூட்டத்துக்கு வெளியே, கிளை நுனியில் பெரிதாக நிற்கும். எலுமிச்சை வாசனை வீசும் யூகலிப்டஸ் என்று நம்மூரில் சொல்லப்படும் மரமும் கொரிம்பியா சிட்ரியோடோராதான்.

பேரினம் தெரிந்த பிறகு பட்டைக்கு வாருங்கள். வழவழப்பாக, ஆண்டுதோறும் உரிந்து விழுவது 'கம்'. நார்நாராக நீளவாக்கில் இழுத்தால் வருவது 'ஸ்ட்ரிங்கிபார்க்'. கறுத்து, கெட்டியாக, ஆழமான பள்ளங்களோடு இருப்பது 'அயன்பார்க்'. மரத்தின் கீனோ பிசின் பட்டையில் ஊறியிருப்பதால்தான் அந்தக் கெட்டித்தன்மை. சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருந்தால் 'பிளட்வுட்'. இவை கொரிம்பியாவில் வரும். அடியில் சொரசொரப்பும் மேலே வழவழப்புமாக இருக்கும் மரங்களும் ஏராளம். அதனால்தான் இரண்டு இடத்திலும் படம் எடுக்கச் சொன்னேன். வழவழப்பான பட்டையில் யாரோ கிறுக்கியதுபோல் கோடுகள் தெரிந்தால் அது 'ஸ்கிரிப்ளி கம்'. ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு பட்டைக்குள் குடைந்து போன தடம் அது.

கடைசியாக எண்ணிக்கை. ஒரு காம்பில் எத்தனை மொட்டுகள்? பெரும்பாலும் ஒற்றைப்படையில்தான் வரும்: 1, 3, 7, 11. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டில் நட்டுப் பரப்பிய யூகலிப்டஸ் குளோபுலஸ், அதாவது 'புளூ கம்', தென்கிழக்கு ஆஸ்திரேலியாவையும் தாஸ்மேனியாவையும் சேர்ந்தது. அதன் மொட்டு பெரும்பாலும் ஒற்றையாக, மருக்களோடு, வெண்ணிறப் பூச்சு படிந்து இருக்கும். இளஞ்செடியின் இலைகள் காம்பில்லாமல், ஜோடியாக, சாம்பல் நீலத்தில், அகலமாக இருக்கும். முதிர்ந்த மரத்தின் இலைகள் பச்சையாக, அரிவாள் வடிவில் தொங்கும். ஊட்டியில் இரண்டையும் பார்த்தவர்கள் இரண்டு வேறு மரங்கள் என்று நினைப்பது இயல்புதான். சமவெளியில் நாம் தைலமரம் என்று சொல்வது பெரும்பாலும் யூகலிப்டஸ் டெரிடிகார்னிஸ் வழிவந்தது. அதன் மொட்டு மூடி நீண்டு கொம்புபோல் கூராக இருக்கும். ஆகவே யூகலிப்டஸின் இலையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இலை எந்த வயதுடையது என்று முதலில் கேளுங்கள்.

படி 3: இலை என்று நினைப்பது இலைதானா?

இந்தக் கேள்வியை ஆஸ்திரேலியத் தாவரங்களிடம் அடிக்கடி கேட்க வேண்டும்.

வாட்டில் எனப்படும் அக்கேசியா அங்கே ஆயிரம் சிற்றினம் அளவில் உண்டு. பாதிக்கு மேற்பட்டவற்றில் நாம் இலை என்று பார்ப்பது, தட்டையாக விரிந்த இலைக்காம்பு. 1988இல் நாட்டின் சின்னமலராக அறிவிக்கப்பட்ட 'கோல்டன் வாட்டில்', அக்கேசியா பிக்னந்தா, அப்படிப்பட்டதுதான். முளைத்து வரும் கன்றைப் பாருங்கள்: முதல் இலைகள் இறகுபோல் பிரிந்த உண்மையான இலைகள், அப்புறம் மெதுவாகக் காம்பு அகன்று, இலை மறைந்துபோகும்.

வாட்டிலைப் பிரிக்க நான்கு கேள்விகள் போதும். இறகு இலையா, தட்டைக் காம்பா? தட்டைக் காம்பென்றால் நீளவாக்கில் ஒரே நரம்பா, பல நரம்பா? பூக்கள் உருண்டையா, நீண்ட கதிரா? ஓரத்தில் அல்லது காம்பில் சுரப்பி எங்கே இருக்கிறது? கடைசிக் கேள்விக்குக் கைலென்ஸ் வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சோலைப் புல்வெளிகளை விழுங்கிவரும் கறுப்பு வாட்டில், அக்கேசியா மியர்ன்ஸி, இறகு இலை உடையது. அதன் இலைநடுத் தண்டில் சிற்றிலைகள் பிரியும் இடத்தில் மட்டுமல்லாமல் நடுநடுவேயும் ஒழுங்கில்லாமல் சுரப்பிகள் இருக்கும். ஒத்த தோற்றமுள்ள பிற வாட்டில்களிலிருந்து அதைப் பிரிக்க அந்தச் சுரப்பிகள் உதவும்.

நம் கருவேலத்தை முன்பு அக்கேசியா நிலோட்டிகா என்று எழுதுவார்கள். 2005இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டுக்குப் பிறகு அக்கேசியா என்ற பெயர் ஆஸ்திரேலியப் பெருங்குழுவுக்கே நிலைத்துவிட்டது. கருவேலம் வச்சேலியா ஆனது. அந்தக் கருவேலம் குயின்ஸ்லாந்தின் புல்வெளிகளில் இப்போது பெரும் களை. முள் இருக்கிறதா என்று பாருங்கள். இலையடியில் ஜோடி முட்கள் உள்ள மரம் அங்கே கண்ணில் பட்டால், வெளியிலிருந்து வந்ததோ என்று சந்தேகப்படுவது நல்லது.

சவுக்கு நமக்குப் பழக்கமான மரம். அதன் இயல்பான வாழிடங்களில் ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குக் கரைகளும் அடங்கும். ஊசியிலை என்று நாம் நினைப்பது பச்சைக் குச்சி. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக நிற்கும் குட்டிப் பற்கள். குச்சியைக் கணுவில் மெல்ல இழுத்துப் பிரித்து, கைலென்ஸில் பற்களை எண்ணுங்கள். ஆற்றங்கரைச் சவுக்கான கேசுவரினா கன்னிங்ஹாமியானாவில் பெரும்பாலும் 8 முதல் 10; உப்பங்கழி ஓரத்துக் கேசுவரினா கிளாக்காவில் பெரும்பாலும் 12க்கு மேல். விதை மங்கலான வெளிர்பழுப்பாக இருந்தால் கேசுவரினா. பளபளவென்று கரும்பழுப்பாக இருந்தால் அல்லோகேசுவரினா. எண்ணி முடிவு செய்யக்கூடிய இப்படிப்பட்ட அடையாளங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. வாதத்துக்கே இடமில்லை.

புரோட்டியேசி குடும்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாங்க்ஸியாவில் தனித்தனி மரக்காய்கள் ஒரு தடித்த கூம்பில் பதிந்து, வாய்பிளந்து நிற்கும். பாங்க்ஸியா இன்டெக்ரிஃபோலியாவின் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளை. ஹேக்கியாவும் கிரெவில்லியாவும் பூவில் ஒன்றுபோலவே இருக்கும், காயில் பிரியும். ஹேக்கியாவின் காய் கட்டைபோல் கடினமானது, நெடுநாள் கிளையிலேயே இருக்கும், இரண்டாகப் பிளக்கும். கிரெவில்லியாவின் காய் மெல்லிய தோலுடையது, விதையைச் சீக்கிரம் உதிர்த்துவிடும். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், கிழக்கு ஆஸ்திரேலியாவின் கிரெவில்லியா ரொபஸ்டா. ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

படி 4: நீங்களே ஒரு திறவுகோல் எழுதுங்கள்

படித்தால் மட்டும் கண் பழகாது. ஆறேழு தாவரங்களை எடுத்துக்கொண்டு இருகிளைத் திறவுகோல் ஒன்றை, அதாவது ஒவ்வொரு எண்ணிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே பெயருக்குப் போய்ச் சேரும் பட்டியலை, நீங்களே எழுதிப் பாருங்கள். ஆஸ்திரேலியப் பள்ளிகளில் 7ஆம் வகுப்பு அறிவியலில் பிள்ளைகள் இதைச் செய்வார்கள். பெரியவர்களுக்கும் இதைவிட நல்ல பயிற்சி இல்லை. மேலே பார்த்தவற்றை வைத்து ஒரு மாதிரி:

1. கணுக்களோடு பச்சைக் குச்சிகள், இலை பற்களாகக் குறுகியது: சவுக்குக் குழு. தெளிவான இலை அல்லது இலைபோன்ற உறுப்பு உண்டு: 2க்குப் போகவும்.
2. வெளிச்சத்தில் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும்: 3க்குப் போகவும். தெரியாது: 4க்குப் போகவும்.
3. மொட்டில் கழலும் மூடி உண்டு: யூகலிப்டஸ் அல்லது கொரிம்பியா. மூடி இல்லை, இலைகள் எதிரெதிரே: ஆங்கோஃபோரா.
4. காய் தட்டையான நெற்று: வாட்டில். காய் கட்டைபோல் கடினம்: 5க்குப் போகவும்.
5. பல காய்கள் ஒரே கூம்பில்: பாங்க்ஸியா. காய்கள் தனித்தனியாக, இரண்டாகப் பிளப்பவை: ஹேக்கியா.

எழுதும்போது இரண்டு விதிகளை மீறாதீர்கள். ஒரே எண்ணில் உள்ள இரண்டு வரிகளும் ஒரே உறுப்பைப் பற்றிப் பேச வேண்டும். "பெரியது, சிறியது" என்று எழுதக் கூடாது. அளவை எழுதுங்கள், அல்லது உண்டு, இல்லை என்று எழுதுங்கள்.

இந்தத் திறவுகோலில் ஒரு 'பாட்டில் பிரஷ்' செடியைப் போட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் புள்ளி இருக்கிறது, மொட்டில் மூடி இல்லை, இலைகள் மாறி மாறி நிற்கின்றன. 3ஆம் எண்ணில் இரண்டு வரியும் பொருந்தாமல் நின்றுவிடும். எந்தத் திறவுகோலும் அதை எழுதிய குழுவுக்குள் மட்டும்தான் செல்லும். நின்றுபோகும் இடத்தில் புதிதாக ஓர் எண் சேருங்கள்: மகரந்தத் தாள்கள் தனித்தனியாக இருந்தால் கேலிஸ்டெமன், ஐந்து கொத்தாக இணைந்திருந்தால் மெலலூக்கா.

படி 5: பாலூட்டிகள், முதலில் பல், அப்புறம் பின்கால்

ஆஸ்திரேலியாவின் சொந்தப் பாலூட்டிகள் மூன்று கூட்டம். முட்டையிடுபவை: பிளாட்டிபஸும் எக்கிட்னாவும். குட்டியைப் பையில் வளர்ப்பவை. நம்மைப் போல் நஞ்சுக்கொடி உடையவை. இவற்றில் வௌவால்களும் கொறித்துண்ணிகளும்தான் பெரும்பாலானவை.

எக்கிட்னாவைப் பார்த்து முள்ளம்பன்றி என்று சொல்லிவிடத் தோன்றும். முள்ளம்பன்றி ஒரு கொறித்துண்ணி. உளிபோன்ற முன்பற்கள் உண்டு. எக்கிட்னாவுக்குப் பல்லே கிடையாது. நீண்ட குழாய் மூக்கு, ஒட்டும் நாக்கு, பின்னோக்கித் திரும்பிய பின்கால் நகங்கள். முள் என்ற ஒரு ஒற்றுமையைத் தள்ளிவைத்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

பைப்பாலூட்டிகளுக்கு இரண்டே கேள்விகள். இவ்வளவு பெரிய கூட்டத்தை இரண்டு உறுப்புகள் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிடுவது வகைப்பாட்டியலின் மிக அழகான இடங்களில் ஒன்று என்று நினைக்கிறேன்.

முதல் கேள்வி: கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் ஒரே ஒரு ஜோடிப் பெரிய வெட்டுப்பல் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறதா, அல்லது பல சின்னப் பற்கள் வரிசையாக இருக்கின்றனவா? இரண்டாவது கேள்வி: பின்காலில் இரண்டாவது, மூன்றாவது விரல்கள் ஒரே தோலுறைக்குள் ஒட்டி, நுனியில் மட்டும் இரண்டு நகங்களாகத் தெரிகின்றனவா, அல்லது எல்லா விரலும் தனித்தனியா?

ஒரு ஜோடிப் பல், ஒட்டிய விரல் என்றால் கங்காரு, வாலபி, கோலா, வாம்பட், பாசம் (possum) ஆகியவை அடங்கிய வரிசை. பல பற்கள், தனி விரல் என்றால் குவால், தாஸ்மேனியப் பேய், ஆன்டெகைனஸ் போன்ற ஊனுண்ணிகள். பல பற்கள் இருந்தும் விரல் ஒட்டியிருந்தால் பாண்டிகூட். ஒட்டிய விரல்களின் ஜோடி நகங்களை அவை முடி கோதும் சீப்பாகப் பயன்படுத்துகின்றன. கோலா மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது நல்ல ஜூம் லென்ஸில் அந்த ஜோடி நகம் தெரியும்.

இப்போது ஆன்டெகைனஸுக்கு வருவோம். சுண்டெலி அளவு, சாம்பல் பழுப்பு நிறம், வீட்டுக்குள்ளும் வந்துவிடும். ஆனால் மூக்கு கூரானது, காதின் ஓரத்தில் மடிப்பு உண்டு. வாயைப் பார்த்தால் ஊசிபோன்ற சின்னப் பற்கள் வரிசையாக இருக்கும். சுண்டெலிக்கு மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி உளிப்பல். மேல்பல்லின் பின்புறம் ஒரு வெட்டு. இனச்சேர்க்கைப் பருவம் முடிந்ததும் ஆன்டெகைனஸ் ஆண்கள் அத்தனையும் இறந்துவிடும். அப்போது எஞ்சுவது கருவுற்ற பெண்கள் மட்டுமே. அந்த நேரத்தில் பொறியில் விழும் ஒரு பெண், வரப்போகும் ஒரு தலைமுறையையே தன்னோடு கொண்டுபோய்விடும். உயிரோடு பிடிக்கும் பொறியை வையுங்கள், பார்த்துவிட்டு விடுவிக்கலாம்.

எலிகள் எல்லாம் வந்தேறிகள் என்று நினைப்பதும் தவறு. வெள்ளை வால்நுனியும் சவ்வு விரித்த பின்காலும் கொண்ட ரகாலி, நீர்நிலைகளில் வாழும் உள்நாட்டு எலி. காட்டில் வாழும் 'புஷ் ராட்'டின் வால், தலையும் உடலும் சேர்ந்த நீளத்தைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருக்கும். வெளியிலிருந்து வந்த கறுப்பு எலியின் வால் அதைவிடத் தெளிவாக நீளம்.

பெரிய கங்காருக்களில் நிறம் எப்படிக் கைவிடும் என்பதற்குச் சிவப்புக் கங்காருவே சாட்சி. ஆண் சிவப்பு, பெண் பல இடங்களில் நீலச் சாம்பல். அதனால் மூக்கைப் பாருங்கள். நாசித்துளைகளுக்கு நடுவே முழுக்க முடி மூடியிருந்தால் சாம்பல் கங்காரு. முழுக்க வெறுமையாகக் கறுப்பாக இருந்தால் வாலரூ. பாதி வெறுமையாக, மூஞ்சியின் பக்கத்தில் கறுப்பு வெள்ளைத் திட்டும் இருந்தால் சிவப்புக் கங்காரு. தொலைவில் இருந்தால் தாவும் விதம் உதவும். 'ஸ்வாம்ப் வாலபி' தலையைத் தாழ்த்திக்கொண்டு தாவும். வட ஆஸ்திரேலியாவில் ஆர்னம் லேண்டின் பழங்குடியினரான குன்விஞ்கு மக்கள் தங்கள் மொழியில் வெவ்வேறு கங்காரு இனங்கள் தாவுவதற்கு வெவ்வேறு வினைச்சொற்கள் வைத்திருக்கிறார்கள். வேட்டையாடி, கூர்ந்து பார்த்து, தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு அது.

உருவம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு, நாய்போல் தோற்றமளித்த, இப்போது அழிந்துபோன பைப்பாலூட்டியான தைலசீன் ஒன்று போதும். 1936 செப்டம்பரில் ஹோபார்ட் விலங்குக் காட்சிச்சாலையில் கடைசியாக அறியப்பட்டது இறந்தது. மண்டையோட்டை நாயினுடையதோடு பக்கத்தில் வைத்தால் பலரால் பிரிக்க முடியாது. மேலண்ணத்தைத் திருப்பிப் பார்த்தால் தைலசீனுக்கு இரண்டு பெரிய துளைகள் இருக்கும், நாய்க்கு இருக்காது. ஒரே மாதிரி வாழ்க்கை ஒரே மாதிரி உருவத்தைத் தந்துவிட்டது. வம்சம் அந்தத் துளைகளில் தெரிகிறது.

படி 6: பறவைகள்

இங்கே ஒரு எச்சரிக்கை மட்டும் முக்கியம். ஆஸ்திரேலிய மேக்பை, ஆஸ்திரேலிய ராபின் என்ற பெயர்கள் ஐரோப்பியக் குடியேறிகள் ஊர் நினைவில் வைத்தவை. ஐரோப்பியப் பறவைகளோடு அவற்றுக்கு நெருங்கிய உறவு இல்லை. பெயரை வைத்து குடும்பம் சொல்லாதீர்கள்.

நம் மைனாவை 1860களில் மெல்பர்னில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது கிழக்குக் கரை நகரங்களில் அது ஏராளம். அதையும் 'நாய்ஸி மைனர்' என்ற உள்நாட்டுத் தேன்குடிப் பறவையையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் மஞ்சள் அலகு, கண்ணருகே மஞ்சள் தோல். மைனாவின் உடல் பழுப்பு, தலை முழுக்கக் கறுப்பு, பறக்கும்போது இறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு தெரியும். நாய்ஸி மைனரின் உடல் சாம்பல், நெற்றி வெளிர், உச்சியும் கன்னமும் மட்டும் கறுப்பு, அந்த வெள்ளைத் திட்டு கிடையாது.

கிளிக் கூட்டத்தில் கொண்டையைப் பாருங்கள். நிமிர்த்தித் தாழ்த்தக்கூடிய கொண்டை இருந்தால் காக்கட்டூ. காக்கட்டூக்களின் இறகில் பச்சையும் நீலமும் வராது. அந்த நிறங்களைத் தரும் இறகின் நுண்ணமைப்பு அவற்றுக்கு இல்லை. காகங்களில் க்ரோ, ரேவன் என்ற பிரிவுக்குக் கழுத்து இறகின் அடிப்பகுதி வழிகாட்டும்: வெள்ளையென்றால் க்ரோ, சாம்பலென்றால் ரேவன். உதிர்ந்த இறகு கிடைக்காவிட்டால் குரல்தான் கதி.

படி 7: ஊர்வனவும் தவளையும்

தெரியாத நீண்ட, காலில்லாத எதையும் பாம்பாகவே நடத்துங்கள். மீட்டர்கணக்கில் தள்ளி நின்று படம் எடுங்கள். கிழக்கத்தியப் பழுப்புப் பாம்பு வெளிர் நிறத்திலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை எந்த நிறத்திலும் வரும். குட்டிகளில் வரிகள்கூட இருக்கும். நிறத்தை நம்பி ஆபத்தில்லை என்று முடிவெடுப்பது உயிரோடு விளையாடுவது. உரித்த சட்டை கிடைத்தால் உடலின் நடுப்பகுதியில் குறுக்காகச் செதில் வரிசைகளை எண்ணலாம்: பழுப்புப் பாம்புக்கு 17, கார்ப்பெட் மலைப்பாம்புக்கு 40க்கு மேல்.

காலில்லாப் பல்லிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காதுத்துளை உண்டு, பாம்புக்கு இல்லை. நாக்கு தடித்தது, பாம்பினுடையதுபோல் பிளவுபட்டிருக்காது. வால் உடலைவிட நீளம். பின்கால் இருந்த இடத்தில் சிறு மடல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் மட்டுமே வாழும் குடும்பம் இது.

பல்லி, ஓணான், அரணை, உடும்பு நான்கும் அங்கே உண்டு; நமக்குப் பழகிய கண் இங்கே நன்றாகவே உதவும். மூடாத கண், மென்தோல் என்றால் பல்லிக் குடும்பம். சொரசொரப்பான செதில், அசையும் இமை என்றால் ஓணான். பளபளக்கும் வழவழச் செதில் என்றால் அரணை. நீலநாக்கு 'புளூடங்'கும் அரணைதான், குட்டைக் கால்கள் புல்லில் மறைந்துபோவதால் பாம்பு என்று அடிபடுகிறது. பாம்புபோல் பிளவுபட்ட நாக்கும் நீண்ட கழுத்தும் இருந்தால் உடும்பு.

கரும்புத் தேரை 1935இல் கரும்பு வண்டுகளை ஒழிக்கவென்று ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்கு வந்தது. நூறு அளவில் கொண்டுவந்தவை இன்று வடக்கு முழுவதும் பரவிவிட்டன. கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரை ஓடும் எலும்பு வரம்பு, கண்ணுக்குப் பின்னால் தோள்வரை புடைத்த பெரிய நச்சுச் சுரப்பி, உலர்ந்த மருத்தோல். இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் கரும்புத் தேரை. மரு மட்டும் இருந்தால் போதாது. மருவுள்ள உள்ளூர்த் தவளைகள் பல உண்டு. விரல்நுனியில் வட்டத் தகடு இருந்தால் அது மரத்தவளை, தேரை அல்ல. முட்டை நீண்ட ஊன்பசைச் சரமாக இருந்தால் தேரை. நுரைக்கூட்டில் இருந்தால் உள்ளூர்த் தவளை. சந்தேகம் இருக்கும்வரை எதையும் கொல்லாதீர்கள்.

படி 8: பெயரை உறுதி செய்வது

ஒரு பெயர் கிடைத்ததும் அந்த இனம் அந்த இடத்தில் இருக்க வாய்ப்பு உண்டா என்று பாருங்கள். 'அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா' தளத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் பதிவான இடங்களின் வரைபடம் உண்டு. நாட்டுக்குள்ளேயே இடம் மாறினாலும் களையாகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்: நியூ சவுத் வேல்ஸின் ஒரு சிறு பகுதிக்கு உரிய கூட்டமுண்ட்ரா வாட்டில், விக்டோரியாவில் களை.

நியூ சவுத் வேல்ஸ் தாவரங்களுக்கு 'பிளாண்ட்நெட்', விக்டோரியாவுக்கு 'விக்ஃபுளோரா', யூகலிப்டஸ் குழுவுக்கு 'யூக்லிட்' என்ற திறவுகோல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. தவளைக் குரலுக்கு ஆஸ்திரேலியன் மியூசியத்தின் 'ஃபிராக் ஐடி' செயலி இருக்கிறது. குரலைப் பதிந்து அனுப்பினால் நிபுணர்கள் கேட்டுச் சொல்வார்கள். 'ஐநேச்சுரலிஸ்ட்' படத்தைப் பார்த்து ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல் ஊகமாக எடுத்துக்கொண்டு, அந்த இனத்துக்குச் சொல்லப்பட்ட மொட்டும் காயும் பல்லும் உங்கள் படத்தோடு பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சிற்றினம் வரை போக முடியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திப் பதிவிடுங்கள். "அல்லோகேசுவரினா, சிற்றினம் தெரியவில்லை" என்ற பதிவு, தப்பான முழுப்பெயரைவிட ஆய்வாளர்களுக்கு எவ்வளவோ மேல். அரிய விலங்கோ ஆர்க்கிட்டோ கிடைத்துவிட்டால், பதிவில் இடத்தை மறைக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். அவற்றைத் திருட வருபவர்களும் அதே வரைபடத்தைப் பார்க்கிறார்கள்.